எந்த ஊரு? – நாடோடி, காகிதம், புதுச்சேரி: சில குறிப்புகள்

'நாடோடி' என்கிற சொல் இன்று இரண்டு இடங்களில் புழங்குகிறது. ஒன்று, காவல்துறையின் வாய். சந்தேகத்தின் பேரில் பிடித்து உட்கார வைக்கப்பட்டவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'எந்த ஊருடா நீ?' என்பதுதான். பதில் சொல்ல ஊர் இல்லாதவன் நாடோடி. இன்னொன்று, விளம்பரத்தின் வாய். மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், கடற்கரையில் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கலாம், நீயும் ஒரு 'டிஜிட்டல் நாடோடி' ஆகலாம் என்கிறது அது. சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் இதே தலைப்பில் ஒரு நூல் எழுதினார்கள். 2020இல் எஸ்தோனியா அரசு இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தது. ஒரே சொல் ஒருவனைச் சிறைக்கும் இன்னொருவனைக் கடற்கரைக்கும் அனுப்புகிறது என்றால், அந்தச் சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் தெல்யூஸ், கத்தாரி பெயர்கள் நுழைந்தபோது நாடோடி ஒரு தத்துவக் கதாநாயகனாகவும் வந்து சேர்ந்தான். அரசுக்கு வெளியே இருப்பவன், வரைபடத்துக்குள் அடங்காதவன், அடையாளங்களை உதறிக்கொண்டே போகிறவன் என்று அவனைக் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தில் நமக்கு ஒரு விடுதலை இருந்தது உண்மை. ஆனால் 1980இல் வெளியான 'ஆயிரம் பீடபூமிகள்' நூலில் அவர்கள் சொன்ன ஒரு விஷயம் நம் விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டே போனது. நகர்வது நாடோடியின் இலக்கணம் அல்ல, நிலத்தோடு அவனுக்குள்ள உறவே இலக்கணம் என்றார்கள் அவர்கள். இந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். கூடவே இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது: நிலத்துக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தின் வரலாற்றைப் புதுச்சேரி போன்ற ஓர் எல்லை ஊரிலிருந்து வாசிப்பது சௌகரியமானது.

1

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாட்டுப்புறப் பாடல் என்று இன்று நாம் சொல்வதை ஒரு தலைமுறைக்கு முன்பு நாடோடிப் பாடல் என்றார்கள். நாடெங்கும் ஓடுவது, எல்லார் வாயிலும் புழங்குவது என்கிற பொருள் அதில் இருந்தது. பாட்டு ஊர் ஊராக ஓடினால் அது மக்கள் சொத்து. ஆள் ஓடினால் மட்டும் குற்றமா? 'பரதேசி'க்கும் இதே கதிதான். வேற்றுத் தேசத்தான் என்று பொருள்பட்ட சொல் இன்று தெருவில் வசைச்சொல்லாகக் கிடக்கிறது. கணியன் பூங்குன்றனாரை மேடையில் மேற்கோள் காட்டாத தலைவர் தமிழ்நாட்டில் கிடையாது. அதே மேடைக்குப் பின்னால் கூடாரம் போட்டிருப்பவர்களை அடுத்த நாள் காலையில் கிளப்பிவிடுவதும் நடக்கிறது.

சங்கப் பாணர்கள் அலைந்து திரிந்தவர்கள். சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று போகிறது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய பகுதி என்றும் அடையாளம் காண்கிறார்கள். அதாவது புதுச்சேரியிலிருந்து பேருந்தில் ஏறினால் பாணனின் பாதையைத் தொட்டுவிடலாம். அந்தப் பாணனிடம் எந்த ஊர் என்று யாரும் சான்று கேட்கவில்லை என்று பொற்காலம் பாட நான் வரவில்லை. அவனும் பசியோடுதான் நடந்தான், மன்னனின் கொடையை நம்பித்தான் நடந்தான். ஆனால் வழி தெரிந்தவன் என்கிற மதிப்பு அவனுக்கு இருந்தது. வழி தெரிந்திருப்பது ஓர் அறிவு. அது சந்தேகத்துக்குரிய அறிவாக மாறிய காலம் எது என்பதுதான் கேள்வி.

2

இதற்கு விடை உப்பில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் குறவர்களில் ஒரு பெரும்பகுதியினர் கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தானியத்தை ஏற்றிக்கொண்டு திரும்பிய வணிகர்கள். மீனா ராதாகிருஷ்ணா தம்முடைய ஆய்வில் (2001) இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். வண்டித்தடம் இல்லாத ஊர்களுக்கும் உப்பைச் சேர்த்தவர்கள் இவர்களே. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் ரயில் வந்துவிட்டது. உப்பு ரயிலில் ஏறியது. உப்பு மீதான அரசின் பிடி இறுகியது. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் மாடு மேய்ச்சலையும், மூங்கிலும் ஓலையும் எடுப்பதையும் நெருக்கியது. ஆக, சுமக்க உப்பு இல்லை, மாட்டுக்குப் புல் இல்லை, கூடை முடைய மூங்கில் இல்லை. ஆனால் நடந்து பழகிய கால்கள் மட்டும் இருந்தன. வேலை இல்லாமல் நடப்பவன் எதற்காக நடக்கிறான் என்று காலனிய அதிகாரி கேட்டான். திருட என்று அவனே பதிலும் எழுதிக்கொண்டான்.

பிரெஞ்சிந்தியா இதற்கு வெளியே நின்றதாக நினைக்க வேண்டாம். 1815 மார்ச் 7ஆம் தேதி ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பு பிரிட்டிஷாரின் ஏகபோகத்துக்குள் போனது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பேசப்பட்டது. இரண்டு சாம்ராஜ்யங்களும் உப்பை ஒரு தாளில் பங்கிட்டுக்கொண்டன. உப்பைச் சுமந்தவன் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

3

1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்ட வடிவில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பெயர்ப் பதிவு, கைரேகை, குறித்த நேரத்தில் ஆஜராவது, ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். அது நாடோடிகளோடு நிற்கவில்லை. விவசாயக் குடிகளான பிரமலைக் கள்ளர்கள் மீதும் பாய்ந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடோடிக்கென்று செய்த கூண்டு, அரசு விரும்பினால், உழுது தின்பவனையும் அடைக்கும்.

அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம் புதுச்சேரி எல்லைக்குள் செல்லாது. இதைச் சொல்லி பிரெஞ்சு ஆட்சியின் தாராளத்தை மெச்சுகிறவர்கள் இன்றும் நம்மூரில் உண்டு. சரி, பிரான்சுக்கே போய்ப் பார்ப்போம். அங்கே 1912 ஜூலை 16 அன்று ஒரு சட்டம் வருகிறது. ஊர் சுற்றித் தொழில் செய்பவர்களை அது மூன்றாகப் பிரித்தது. வீடு இருந்து வியாபாரத்துக்காக அலைபவர் ஒரு வகை. நிலையான வீடு இல்லாமல் சந்தைக்குச் சந்தை போகும் பிரெஞ்சுக் குடிமக்கள் இரண்டாம் வகை. மற்றவர்களெல்லாம் 'நோமாத்', அதாவது நாடோடி. நடைமுறையில் இது ஜிப்சிகளைக் குறித்தது. இந்த மூன்றாம் வகையினர் 13 வயதிலிருந்து ஆளுக்கொரு 'கார்னே' வைத்திருக்க வேண்டும். அதில் உயரம், மார்பளவு, தலையின் நீள அகலம், இடது பாதத்தின் நீளம், விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் இருக்கும். ஒவ்வோர் ஊருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

சந்தைக்காரனும் நகர்கிறான், ஜிப்சியும் நகர்கிறான். ஒருவனுக்கு ஓர் அடையாள அட்டை, இன்னொருவனுக்குத் தலையை அளந்த புத்தகம். அரசு நகர்வைப் பார்த்து இந்த வேறுபாட்டைச் செய்யவில்லை. யாருடைய உடம்பு நகர்கிறது என்று பார்த்துச் செய்தது. இந்த ரேகை நுட்பமும் நம்மிடமிருந்து போனதுதான். 1858இல் ஹூக்ளியில் ஹெர்ஷல் தொடங்கி வைத்த கைரேகைப் பழக்கம், 1897இல் கல்கத்தாவில் தனி அலுவலகமாகவே ஆனது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசிய குடியரசும், சாம்ராஜ்யமும் நாடோடி விஷயத்தில் ஒரே மை டப்பாவில் விரலை முக்கின.

இதன் பின்கதையும் தெரிய வேண்டும். 1940 ஏப்ரலில் பிரான்சில் நாடோடிகள் நகர்வதே தடை செய்யப்பட்டது. பிறகு முகாம்களில் அடைத்தார்கள். போர் முடிந்தும், 1946 வரை சிலர் முகாமில் இருந்தார்கள். 1912ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல்தான் நீங்கியது. அதற்குப் பதிலாக வந்த பயணப் புத்தக முறை 2017இல்தான் முற்றிலும் ஒழிந்தது. இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்று நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. பரம்பரை போய் வழக்கம் வந்தது, அவ்வளவுதான்.

4

எல்லை என்பது தப்பிப்பவனுக்கு நிழலாகவும் இருக்கும். 1908இல் பாரதி இங்கே வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பிரிட்டிஷ் வாரண்டு செல்லாத மண் என்பதால் வந்தார்கள். அவர்களும்கூட காகிதத்திலிருந்து தப்பவில்லை. வெளியூரார் தங்க வேண்டுமானால் ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தபோது, கலவை சங்கரச் செட்டியார் முன்னின்று அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார் என்பது இங்கே அடிக்கடி சொல்லப்படும் கதை. அதைத் தேசபக்தியின் கதையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். நான் அதில் இன்னொன்றையும் வாசிக்கிறேன். ஐந்து கையெழுத்து கிடைத்தவர் அரசியல் அகதி ஆகிறார். ஐந்து பேரைத் தெரியாதவன் நாடோடியாகவே நின்றுவிடுகிறான். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைது செய்யப்பட்டார். சில மைல் தூரத்தில் ஒரு மனிதனின் பெயர் மாறிவிடுகிறது.

இதே துறைமுகத்திலிருந்து இன்னொரு கூட்டமும் கிளம்பிப் போயிருக்கிறது. 1828லேயே ரெயூனியோனுக்கு ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். 1853இல் 'ஒரேலி' என்கிற கப்பல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் இந்தியக் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளோடு பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். ரெயூனியோனுக்கு 1 லட்சத்துக்கும் மேல், குவாதலூப்புக்குச் சுமார் 42,000, மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். கடல் தாண்டிப் போன இவர்களை யாரும் நாடோடி என்று சொல்லவில்லை. ஏனென்றால் முதலாளிக்கு வேண்டிய திசையில் நகர்ந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கதை மாறியது. ஒவ்வொரு கூலியின் கையிலும் 'லிவ்ரே' என்கிற சின்னப் புத்தகம். அதில் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடந்தால் 'வாகபோந்தாழ்', அதாவது ஊர்சுற்றல் குற்றம். ஆயிரக்கணக்கான மைல் பயணம் குற்றமில்லை, தோட்ட வேலியைத் தாண்டிய பத்தடி குற்றம்.

குவாதலூப்பில் பிறந்த கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை எளிதில் கிடைக்கவில்லை. ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டது. அதே காலத்தில் இந்தப் பக்கம் புதுச்சேரியில் வேறொரு வாசல் திறந்திருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தவர்கள் 'ரெனோன்சான்' ஆனார்கள். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் சைகோனுக்குப் போய் காவல்துறையிலும் சுங்கத்திலும் வேலை பார்த்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் ஊர் திரும்பியபோது 'சொல்தா' என்று மரியாதையாக அழைக்கப்பட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் கொடுத்தார்கள். சுமார் 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள். இவர்களின் பிள்ளைகள் பாரீசுக்கும் புதுச்சேரிக்கும் இடையே போய்வந்து கொண்டிருக்கிறார்கள். நாடோடி என்று இவர்களை யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். கடவுச்சீட்டு இருக்கிறதே.

5

இப்போது இன்றைய தெருவுக்கு வருவோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் 'வெள்ளை நகரம்' என்று பிரித்து வைக்கப்பட்ட பகுதியில், பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட்டன. 2020க்குப் பிறகு அங்கே ஒரு புதிய காட்சி வழக்கமாகிவிட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ அலுவலகம் இருக்கிற இளைஞர்கள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு பகல் முழுக்க வேலை செய்கிறார்கள். மாதக்கணக்கில் தங்குகிறார்கள், பிறகு வர்க்கலாவுக்கோ கோவாவுக்கோ போகிறார்கள். நான் அவர்களைப் பழிக்கவில்லை. அவர்களும் வேலையின் பிடியில் இருப்பவர்கள்தான். எந்த ஊருக்குப் போனாலும் அலுவலகம் பையிலேயே கூட வருகிறது. வேலையிலிருந்து எழுந்து போகிற சுதந்திரம், வேலையை எங்கும் தூக்கிக்கொண்டு போகிற சுதந்திரமாக மாற்றி விற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களிடம் யாரும் 'எந்த ஊருடா' என்று கேட்பதில்லை.

2020 மார்ச் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே அறிவிப்பு. ஒரு கூட்டத்துக்கு அது 'வீட்டிலிருந்து வேலை' ஆனது. இன்னொரு கூட்டத்துக்கு நெடுஞ்சாலையில் நடை ஆனது. வீடு, வேலை, சாலை மூன்றும் யாருக்கு என்னவாக இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் எனக்குச் சொல்லவில்லை.

அதே கடற்கரைச் சாலையில் காந்தி சிலை ஓரமாகப் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களையும் பார்க்கலாம். லாஸ்பேட்டையில் அவர்களுக்கு ஒரு குடியிருப்பே இருக்கிறது. தம்மை வாக்ரி என்று சொல்லிக்கொள்பவர்கள், எழுத்து இல்லாத வாக்ரிபோலி பேசுகிறவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. மணியும் ஊசியும் மிச்சம். இவர்களையும் மேலே சொன்ன குறவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் பொதுப்புத்தியின் பழைய வேலை. மொழியும் வேறு, வரலாறும் வேறு.

இவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்தது என்ன? சுற்றித் திரியும் உரிமை அல்ல. பட்டா, பள்ளிக்கூடம், பழங்குடிச் சான்று. தமிழ்நாட்டில் நரிக்குறவர், குருவிக்காரர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இங்கேதான் புதுச்சேரி எல்லை மறுபடியும் குறுக்கே வருகிறது. அரசியல் சட்டத்தின் 341, 342ஆம் பிரிவுகள்படி பட்டியல் என்பது அந்தந்த மாநிலத்துக்கானது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி ஆள் இடம்பெயரும்போது கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கோரிமேட்டைத் தாண்டினால் வேறு சட்ட நிலம். புதுச்சேரியிலோ 2016 வரை பழங்குடிப் பட்டியலே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் இருளர் மட்டும், வில்லி, வேட்டைக்காரன் உட்பட, சேர்க்கப்பட்டார்கள். காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருகுலா, குருமன்ஸ் ஆகியோர் அந்தப் பட்டியலில் இடம் கேட்டுப் போராடி வந்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதி ஆணையின் கீழ் யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்று தலித்துகளுக்குள்ளேயே பிரித்து நடந்த வழக்குகளும் நீண்ட கதை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலைவதால் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, அந்த ஒடுக்குமுறைக்கு ஈடாகக் கொடுக்கப்படும் உரிமை, அலையாமல் இருந்தால்தான் செல்லும். திண்டிவனத்தில் பழங்குடியாக இருப்பவர் பாசிமணிக் கூடையோடு பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்து புதுச்சேரியில் இறங்கியதும் யாராக ஆகிறார்? பட்டியல் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது, இழிவு மட்டும் உடம்போடு கூடவே வருகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காராதவன் எந்த மாநில எல்லையையும் பார்ப்பதில்லை.

6

ஆக, நகர்வதும் தங்குவதும் எதிரெதிர் வாழ்க்கைமுறைகள் என்கிற பிரிவினையையே நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. போக விரும்பும்போது போகவும், தங்க விரும்பும்போது தங்கவும் முடிகிறவர்களுக்கு இந்த உலகம் சொந்தம். சொல்தா குடும்பத்துக்கு அது ஓரளவு கிடைத்தது. மடிக்கணினிக்காரருக்குக் கிடைக்கிறது. கூலி, வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டுப் பிறகு வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டான். குறவர், நடையைப் பறிகொடுத்து, நடந்ததற்காகத் தண்டனையும் பெற்றார். நாடோடி என்கிற பெயரை முதலாம் வகையினர் ஆசையாக எடுத்துச் சூட்டிக்கொள்வதில் எனக்குள்ள மறுப்பு இதுதான்: அந்தப் பெயருக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். தத்துவத்திலும் இதே கணக்கு உண்டு. அடையாளத்தைத் துற என்று சொல்வது, அடையாளச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பவரிடம் எடுபடாது. முதலில் அவருக்கு அது கிடைக்கட்டும். துறப்பதா வேண்டாமா என்று பிறகு அவர் முடிவு செய்யட்டும்.

இதைப் படிக்கிற எழுத்தாளர்களுக்கும் தோழர்களுக்கும் எனக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, இடம்பெயரும் சமூகங்களின் சான்று, ஆளோடு சேர்ந்து நகர வேண்டும் என்கிற கோரிக்கையை வெளிப்படையாக வைக்க வேண்டும். ரேஷனுக்கு 'ஒரே நாடு' என்று சொல்லத் தெரிந்த அரசு, இழிவுக்கான ஈட்டை மட்டும் ஏன் கோரிமேட்டில் இறக்கி வைக்கச் சொல்கிறது என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டு அமைப்புகளும் புதுச்சேரி அமைப்புகளும் இதில் தனித்தனியாக மனுக் கொடுத்துப் பயனில்லை. இரண்டாவது, நாடோடிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட வரலாற்றில் பெரும்பகுதி அவர்களைத் துரத்தியவர்களின் கோப்புகளிலிருந்து எழுதப்பட்டது. ரேகைப் பதிவேடு, கார்னே, லிவ்ரே எல்லாமே மற்றவன் எழுதியது. லாஸ்பேட்டைக் குடியிருப்பிலோ, ரெயூனியோன் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களின் கொள்ளுப்பேரர்களிடமோ வழி பற்றிய நினைவு இன்னும் மிச்சம் இருக்கலாம். எந்தச் சத்திரத்தில் தங்கினார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த ஊரில் விரட்டினார்கள் என்பதை அவர்களே சொல்ல, அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். 'எந்த ஊரு?' என்கிற கேள்வியை நாமும் கேட்கத்தான் போகிறோம். ஆனால் காவல் நிலையத்தில் கேட்பது மாதிரி இல்லாமல், வழி கேட்பவன் கேட்கிற மாதிரி கேட்போம்.